எல்லாரும் வந்தாச்சா?

அத்தியாயம் ஆறு

2024 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. மதுரை நாகமலை புதுக்கோட்டையை அடுத்த தென்றல் நகரிலிருந்து காலை 4.40-க்கு ஒரு சுற்றுலா வேன் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. ஓட்டுநரைத் தவிர இருபத்திரண்டு பேர் அதில் இருந்தார்கள். இரவு 9.15-க்கு அது திரும்பி வந்தபோது இருபத்தொரு பேர் இருந்தார்கள்.

குறைந்த ஆள் ஒச்சம்மாள், வயது ஐம்பத்து நான்கு. அந்தக் குடியிருப்பில் பதினோரு வருடமாகத் தெரு பெருக்கி, ஐந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர். கட்டுச்சோறு பரிமாறவும் பைகளைப் பார்த்துக்கொள்ளவும் அவரைச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். மறுநாள் காலை தனுஷ்கோடியின் வடக்குக் கரையில் அவர் உடல் ஒதுங்கியது.

ஜனவரி 17 அன்று ஒச்சம்மாளின் மகள் ஆர்த்திகா ஒரு ஜெராக்ஸ் தாளை பீமாராவின் மேசை மேல் வைத்தாள். பசுமலையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் அவளுக்கு எழுத்தர் வேலை. பல தடவை மடித்துப் பிரித்ததில் தாள் மடிப்புகளில் கிழிந்திருந்தது.

பீமாராவின் துப்பறியும் நிலையம் விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருக்கிறது. கீழே எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டும் மிஷின் நாள் முழுக்க ஓடும். பன்னிரண்டு வருடம் ஒரு நாளிதழுக்கு நீதிமன்றச் செய்தி எழுதியவர் பீமாராவ். கூச்சலில் வேலை பார்ப்பது அவருக்குப் பழக்கம். உதவியாளர் பாண்டிமீனாவுக்கு அது இன்னும் பழகவில்லை.

“ஊர்லயே ரகசியத்தைக் கத்திப் பேசுற ஆபீஸ் நம்மளதுதாண்ணே” என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.

தாளில் இருந்தது தென்றல் நகர் நலச்சங்கத் தலைவர் காசிமாயன் காவல் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்த கடிதம். ‘பெண்கடல் பக்கம் அலையின்றி அமைதியாக இருந்ததால், நாங்கள் பலமுறை தடுத்தும் கேளாமல் மேற்படி ஒச்சம்மாள் குளிப்பதற்காகத் தன்னிச்சையாகக் கடலில் இறங்கிவிட்டார். மாலை ஏழு மணி வரை தேடியும் கிடைக்கவில்லை.’ கீழே பதினான்கு பெரியவர்களின் கையெழுத்து. நீரில் மூழ்கி இறந்ததாகப் பிரேதப் பரிசோதனை சொன்னது. விபத்து என்று எழுதி வழக்கை முடித்துவிட்டார்கள்.

“எங்கம்மா கண்மாய்ல முழங்கால் தண்ணிக்கே இறங்காது சார்” என்றாள் ஆர்த்திகா. “பதினோரு வருசத்துல ஒரு நாள் அவுக பேச்சைத் தட்டுனது கெடையாது. கொஞ்சம் தட்டித்தான் பாரேம்மான்னு நானே திட்டியிருக்கேன். அதைப் போயி ‘தடுத்தும் கேளாமல்’னு எழுதிருக்காங்க. அந்த வரி போகணும். வேற ஒண்ணும் வேணாம்.”

“இங்க யாரு அனுப்புனது?”

“அழகுபாண்டி சார். எங்க ஹெட்மாஸ்டர். பத்தாவதோட படிப்பை நிறுத்த இருந்தாங்க, அவருதான் வீட்டுக்கு வந்து பேசிப் படிக்க வச்சாரு. இப்ப ரிட்டயராகி தென்றல் நகர்லதான் இருக்காரு. அன்னைக்கு அவரும் வேன்ல போனாரு.”

பீமாராவ் தாளைப் பார்த்தார். “ஒன்பதாவது கையெழுத்து அவருது.”

“எல்லாரும் போட்டாங்கன்னு போட்டுட்டாராம் சார். சங்கடமா இருக்குன்னு சொன்னாரு.”

பாண்டிமீனா கடிதத்தை வாங்கிப் படித்தாள். “பதினாலு பேர் கையெழுத்துப் போட்டும் ஒரு எழுத்துப் பிழை இல்ல. பயத்துல எழுதுன கடுதாசி மாதிரி தெரியலையே.”

*

ஜனவரி 19, ஞாயிறு. அதே வேன், அதே ஓட்டுநர். மாட்டுத்தாவணி பூச்சந்தைப் பக்கம் சிவபாண்டி வண்டியை நிறுத்தியிருந்தார். நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தனுஷ்கோடிக்கு அழைத்துப் போக வேண்டும், அதற்கு முன் ஒரு தடவை இடங்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பீமாராவ் அவரிடம் சொல்லி வைத்திருந்தார்.

இருபத்தொரு இருக்கை வேனில் இரண்டே பேர். பாண்டிமீனா பின்பக்கம் வரை நடந்து போய்விட்டு வந்தாள். கடைசி வரிசைக்குப் பின்னால், படியோரம், ஒரு பச்சை பிளாஸ்டிக் ஸ்டூலைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

“இது யாருக்குண்ணே? ராஜ சிம்மாசனமா?”

“கூட ஒரு ஆள் வந்தா உக்காரத்தான்” என்றார் சிவபாண்டி, கண்ணாடியைப் பார்க்காமல்.

பரமக்குடியில் தேநீருக்கு நிறுத்தினார்கள். திரும்ப ஏறியதும் சிவபாண்டி இருக்கையில் அமர்ந்தபடி தலையைத் திருப்பினார். அவர் உதடுகள் அசைந்தன. ஒண்ணு, ரெண்டு. பிறகுதான் சாவியைத் திருப்பினார்.

பாம்பன் சாலைப் பாலத்தில் வழக்கம்போல் எல்லா வண்டிகளும் ஓரம் கட்டியிருந்தன. பக்கத்தில் புதிய ரயில் பாலம் திறப்பு விழாவுக்குக் காத்து நின்றது. ஒரு குடும்பம் கைப்பிடிச் சுவரில் பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. காற்று பாண்டிமீனாவின் துப்பட்டாவைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது.

“கடலுக்கு நடுவுல பாலம் கட்டிட்டாங்க, நம்ம காளவாசல்ல சிக்னலைத் தாண்டத்தான் வழியில்ல” என்றாள்.

வண்டியில் ஏறினார்கள். சிவபாண்டி திரும்பினார். ஒண்ணு, ரெண்டு.

ராமேஸ்வரத்தைத் தாண்டியதும் இருபக்கமும் கடல் வந்தது. நடுவில் கறுப்பு நாடா போல நேராக ஒரு சாலை. சிவபாண்டியின் குரல் மாறியது. சுற்றுலா ஓட்டுநர்கள் வழிகாட்டியாகவும் மாறும் இடம் அது.

“பாத்துக்கங்க, இடது பக்கம் இருக்கிறது பெண்கடல். அலையே இருக்காது, குளம் மாதிரி அமைதி. வலது பக்கம் ஆண்கடல். சீறிக்கிட்டே இருக்கும். அதுல மட்டும் கால வைக்கக் கூடாது.”

பாண்டிமீனா இடது பக்கம் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாக அலைகள் கரையில் மோதி உடைந்து, நுரை சாலையோரக் கற்கள் வரை தெறித்தது. வலது பக்கம் பார்த்தாள். ஒரு வள்ளம் ஆடாமல் நின்றது.

“அண்ணே, பொம்பளைன்னா அமைதியா இருப்பான்னு உங்களுக்கு யாருண்ணே சொன்னது? உங்களுக்குக் கல்யாணம் ஆகலையா?”

சிவபாண்டி ஒரு நொடி இருபக்கமும் பார்த்தார். “பதினஞ்சு வருசமா இப்படித்தான் சொல்றேன் தங்கச்சி. முன்னாடி ஓட்டுன அண்ணன் சொல்லிக் குடுத்தது.”

பீமாராவ் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து ஒரு தடவை படித்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார்.

*

அரிச்சல்முனையில் பத்து நிமிடம் நின்றார்கள். மண் முடிகிற இடத்தை எல்லாரும் செல்போனுக்குள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பும் வழியில் பழைய தனுஷ்கோடி. அறுபது வருடத்துக்கு முன் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர் கூரை இல்லாமல் நின்றது. பவளக் கற்கள் உதிர்ந்த பொந்துகளில் காகங்கள். சுவருக்கு மேற்கே ஒரு கீற்றுக் கொட்டகை, அதில் வறுத்த மீனும் தேநீரும் விற்கும் கடை. பீமாராவ் இரண்டு தேநீர் சொன்னார்.

“ஏம்மா, இங்கிட்டு பெண்கடல், அமைதியா இருக்கும்னாங்க. இப்படி அடிக்குதே?”

கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். எண்ணெய்ச் சட்டியில் மீனைப் புரட்டிப் போட்டபடி சிரித்தார்.

“மதுரைப் பக்கமா? அங்கிட்டு இருந்து வர்றவுக எல்லாரும் இதையேதான் கேப்பாக. வாடைக் காத்து அடிக்கிற மாசம் வடகடலு பேயாட்டம் ஆடும், தென்கடலு தூங்கும். சித்திரைக்கு மேல கச்சான் காத்து வந்துச்சுன்னா அப்படியே தலைகீழு. மார்கழியில வடகடல்ல நாங்களே இறங்க மாட்டோம்.”

பீமாராவ் பாண்டிமீனாவிடம் குரலைத் தாழ்த்தினார். “மார்கழி 14 அன்னைக்கு நடந்தது. கடலைப் பாத்தவன் அந்த வரியை எழுதியிருக்க மாட்டான். டிரைவர் வேன்ல ஒப்பிச்சதை ஊர்ல உக்காந்து எழுதிருக்காங்க. உடம்பு வடக்குக் கரையில கெடந்துச்சு. அதுதான் அமைதியான கடல்னு அவங்களுக்குச் சொல்லிருக்கு.”

“அப்ப தடுக்கவும் இல்ல, குளிக்கவும் இல்ல.”

பீமாராவ் கடைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் பரிமாறும் தட்டுகள் எல்லாம் மஞ்சள் பிளாஸ்டிக். மூங்கில் காலில் ஆணி அடித்து ஓர் எவர்சில்வர் தட்டை மட்டும் தனியாக மாட்டியிருந்தார்கள். பீமாராவ் எழுந்து போய் அதைத் திருப்பினார். விளிம்பில் புள்ளிப் புள்ளியாக வெட்டிய எழுத்து. ஆர்த்திகா, 16.5.2010. சடங்கு வீட்டுக்குச் சீராக வந்த தட்டு.

“இது எப்படிம்மா உங்ககிட்ட வந்துச்சு?”

“அதுவா. போன மாசம், கிறிஸ்துமஸ் முடிஞ்ச ஞாயித்துக்கெழமைக்கு மறுநாள் காலைல கடை தொறக்க வந்தேன். கோயில் சுவருக்குப் பின்னால கெடந்துச்சு. பக்கத்துல ஒயர்க்கூடை, ஒரு பிளாஸ்க். தட்டுல எலுமிச்சம் சோறு, காக்கா தின்னது போகப் பாதி மிச்சம் இருந்துச்சு. பேரு போட்ட தட்டு, தேடி வருவாகன்னு கழுவி வச்சிருக்கேன்.”

“போலீஸ் கேக்கலையா?”

“ஒடம்பு கெடந்த எடம் மேற்க ரெண்டு மைலு. அங்ஙன கேட்டாக. இங்ஙன யாரு வந்தா?”

பாண்டிமீனா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். வேனில் வந்தவர்கள் மத்தியானம் இரண்டு மணிக்குச் சுவர் நிழலில் சாப்பிட்டதைக் கடைக்காரம்மா பார்த்திருந்தார். பாதிச் சோறு மிச்சம் என்றால் பரிமாறியவர் சாப்பிட உட்கார்ந்தது நாலரைக்கு மேல்தான், போலீஸ்காரர்கள் விசில் அடித்து ஆட்களை வெளியேற்றத் தொடங்கிய நேரத்தில். அதுவும் சுவருக்கு அந்தப் பக்கம், தனியாக, வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டில்.

“சோத்துல கை வச்சவங்க பாதியில எந்திரிச்சுக் குளிக்கப் போவாங்களா?” என்றாள் பாண்டிமீனா.

“பதினோரு வருசம் பாத்திரம் தேச்சவங்க மீனா. சொந்தத் தட்டைக் கழுவாமப் போட்டுட்டுப் போயிருக்காங்க. நடந்து போகல. ஓடிருக்காங்க.”

கடைக்காரம்மா கரண்டியைச் சட்டியில் போட்டார். “கத்திரிப்பூக் கலரு சேலையா?”

“ஆமா.”

“ஓடுச்சு. நான் கடைய மூடிக்கிட்டு இருந்தேன். பாதை சுத்துன்னு கரையோரமா குறுக்க விழுந்து ஓடுச்சு. சோத்துக்கைய அப்படியே மேல தூக்கிக்கிட்டு. வண்டியப் புடிச்சிருக்கும்னுல்ல நெனச்சேன்.” அவர் கை நீட்டிய இடத்தில் வாடை அலை கரையை அரித்து ஆளுயரத்துக்குச் செங்குத்தாக வெட்டியிருந்தது. விளிம்பில் நின்றால் மண் சரியும். “அங்ஙன ஓடலாமா? இந்த ஊருக்காரவுகளே ஒதுங்கித்தான் போவாக.”

*

சிவபாண்டி வண்டியில் ஏறி அமர்ந்திருந்தார். பீமாராவ் தட்டுடன் ஏறினார். பாண்டிமீனா கடையிலேயே நின்றாள்.

“கெளம்பலாம்” என்றார் பீமாராவ்.

“தங்கச்சி வரலையே சார்.”

“பரவாயில்ல, எடுங்க.”

“வராம எடுக்க மாட்டேன் சார்.”

“இன்னைக்கு வேன்ல ரெண்டே பேரு. பரமக்குடியில எண்ணுனீங்க. பாம்பன்ல எண்ணுனீங்க. அரிச்சல்முனையில ரெண்டு தடவை எண்ணுனீங்க. ரெண்டு பேரை எண்ணுற டிரைவரை நான் பாத்ததில்ல சிவபாண்டி. எப்பலேருந்து இந்தப் பழக்கம்?”

சிவபாண்டியின் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. பீமாராவ் தட்டை டேஷ்போர்டில் வைத்தார். அவர் அதைப் பார்த்தார். எழுத்தைப் படித்தார்.

“நீங்க பள்ளிக்கூடத்துக்காரர் இல்ல.”

“இல்ல.”

சிவபாண்டி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

“போலீஸ் விசில் அடிச்சு வெரட்டுறான் சார். எல்லாரும் அவசரமா ஏறுனாங்க. தலைவர் எந்திரிச்சு நின்னு ‘எல்லாரும் வந்தாச்சா’ன்னாரு. எங்க வீட்டுல நாலு, எங்க வீட்டுல மூணுன்னு வீட்டுக்கு வீடு சொன்னாங்க. நான் கண்ணாடியில பாத்தேன். ஒரு சீட்டுக்கூடக் காலியில்ல. எடுத்துட்டேன். ஸ்டூலை நான் பாக்கல.”

“அப்புறம்?”

“வலது கண்ணாடியில ஒரு பொம்பள தெரிஞ்சாங்க. கரையோரமா கையைத் தூக்கிக்கிட்டு ஓடி வாராங்க. ‘யாரோ வாராங்க சார்’னு சொன்னேன். பின்னாடியிருந்து ஒருத்தர், ‘பாசி விக்கிற பொம்பளப்பா, நிறுத்துனா விடாது, நீ போ’ன்னாரு. பாசிமணி, சங்கு விக்கிறவுக வண்டி பின்னாடி ஓடி வர்றது இங்க வழக்கம்தான். எல்லாரும் சிரிச்சாங்க.” நிறுத்தினார். “நானும் சிரிச்சேன்.”

“சொன்னது யாரு?”

“கடைசி சீட்டுப் பக்கம். மொகம் பாக்கல.”

“எப்பத் தெரிஞ்சது?”

“ராமநாதபுரம் தாண்டி நிறுத்துனோம். பிளாஸ்க்ல காபி இருக்கு, எதுக்கு வெளிய குடிக்கணும்னு பிளாஸ்க்கைத் தேடுனாங்க. அப்பத்தான் பிளாஸ்க் வச்சிருந்த ஆளு இல்லைன்னு தெரிஞ்சுச்சு. திரும்பிப் போவோம்னு சொன்னேன். செக்போஸ்ட் மூடியிருப்பான், பஸ் ஏறி வந்துருவா, விவரமான பொம்பளைன்னுட்டாங்க. அவுக பை எங்கன்னு நான் கேக்கல. பஸ்ஸுக்குக் காசு இருந்துச்சான்னு கேக்கல.”

“இதை எழுதிக் கொடுப்பீங்களா?”

“லைசென்ஸ்தான் சார் எனக்குச் சோறு.”

“ஆள் எண்ண வேண்டியது கூட்டிட்டுப் போன சங்கம். நீங்க வண்டி ஓட்டுனவர். உண்மையைச் சொன்னவருக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்.”

பாண்டிமீனா அப்போது படியேறி வந்தாள். கடைசி வாக்கியத்தைக் கேட்டு பீமாராவைப் பார்த்தாள்.

சிவபாண்டி திரும்பி எண்ணினார். ஒண்ணு, ரெண்டு. பிறகு வண்டியை எடுத்தார்.

*

ஜனவரி 26. தென்றல் நகரில் கொடியேற்றி முடித்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொடிக்கம்ப மேடையைச் சுற்றிச் சருகு கிடந்தது. சங்க அறையில் சுற்றுலா போன ஆறு குடும்பங்களும் இருக்குமாறு காசிமாயனே ஏற்பாடு செய்திருந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி. கேட்பதற்கு முன்பே பேசத் தெரிந்தவர்.

“எங்களுக்கும்தாங்க வருத்தம். நாங்க அவளை எங்க குடும்பத்துல ஒருத்தியாத்தான் வச்சிருந்தோம்.”

“ஏழு மணி வரைக்கும் தேடுனதா எழுதிருக்கீங்க” என்றார் பீமாராவ். “அன்னைக்கு 7.04-க்கு போகலூர் சுங்கச்சாவடியில வேனுக்குப் பணம் பிடிச்சிருக்காங்க. தனுஷ்கோடியிலேருந்து நாலு நிமிசத்துல எப்படி வந்தீங்க?”

“ராக்கெட்டே ஆனாலும் பாம்பன் பாலத்துல மெதுவாத்தான் போகணும்” என்றாள் பாண்டிமீனா.

காசிமாயன் மேசை மேலிருந்த கொடியைக் குத்தியிருந்த குண்டூசியைச் சரிசெய்தார். “பதட்டத்துல நேரம் முன்ன பின்ன எழுதியிருப்போம். ஆனா எண்ணாம வண்டி ஏறல. நானே எண்ணுனேன்.”

“நல்லது. அன்னைக்கு எண்ணுன மாதிரியே ஒரு தடவை எண்ணுங்க.”

முன்வரிசையில் ஒரு அம்மாள், “எங்க வீட்டுல நாலு” என்றார். அடுத்தவர், “எங்க வீட்டுல அஞ்சு.” மூணு. நாலு. மூணு. சுவரோரம் கைத்தடியுடன் அமர்ந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரர் கடைசியாகச் சொன்னார்: “ரெண்டு.” அவர்தான் அழகுபாண்டி.

“இருபத்தொண்ணு” என்றார் காசிமாயன். “சரியா இருக்கு பாருங்க.”

“சரியாத்தான் இருக்கு. குடும்பத்துல ஒருத்தின்னு சொன்னீங்க. எந்தக் குடும்பத்துல எண்ணுனீங்க?”

வெளியே மைக்கில் யாரோ நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பீமாராவ் தட்டை எடுத்து மேசையில் வைத்து, நடந்ததை ஐந்து நிமிடத்தில் சொன்னார். பாசி விற்கிற பொம்பளை என்ற சொல் வந்தபோது இரண்டு பெண்கள் தலையைக் குனிந்தார்கள்.

“போனது போச்சு” என்றார் காசிமாயன் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. “அந்தப் பொண்ணுக்கு என்னங்க வேணும்?”

“தடுத்தும் கேளாமல்ங்கிற வரி போகணும்.”

“அம்புட்டுத்தானே. திருத்திக் கொடுத்துருவோம்.” நிம்மதியாக மூச்சு விட்டார்.

*

பேருந்து நிறுத்தம் வரை அழகுபாண்டி கூடவே நடந்து வந்தார். பாண்டிமீனா நடையைக் குறைத்துக் கொண்டாள்.

“அந்தக் குரல் யாருதுன்னு டிரைவர் சொன்னாரா?” என்று கேட்டார்.

“மொகம் பாக்கலைன்னாரு.”

“நான்தான்.”

பீமாராவ் நின்றார்.

“அந்தச் சேலை போன தீபாவளிக்கு எங்க வீட்ல கொடுத்தது. ஜன்னல் வழியாப் பாத்தேன். கலர் தெரிஞ்சது. ஆளைத் தெரியல. மறுநாள் ஆஸ்பத்திரியில சேலையைப் பாத்ததும்தான்...” கைத்தடியை மண்ணில் ஊன்றினார். “பதினோரு வருசமா எங்க வாசல்ல குனிஞ்சு பெருக்குனதைத்தான் பாத்திருக்கேன். நிமிந்து ஓடி வந்தா யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“ஆர்த்திகாவை ஏன் எங்கிட்ட அனுப்புனீங்க?”

“யாராவது கண்டுபிடிக்கட்டும்னுதான்.”

“நீங்களே சொல்லியிருக்கலாம்.”

“இப்பச் சொல்லிட்டேனே சார்.”

“எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. டிரைவர் தனியா நிக்கிறாரு. அவர் கேட்டது யார் குரல்னு இருந்தாத்தான் அவர் பேச்சு நிக்கும்.”

அழகுபாண்டி சாலையைப் பார்த்தார். பெரியார் நிலையம் போகும் பேருந்து வந்துகொண்டிருந்தது. “அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரிய வேணாம். என்னை அப்பா ஸ்தானத்துல வச்சிருக்கு” என்றார். பிறகு, வந்த வழியே திரும்பினார்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த பாண்டிமீனா சமணர் மலையைத் தாண்டும்போது சொன்னாள்: “பாவத்தைக் கழுவ ராமேஸ்வரத்துல இருபத்திரண்டு தீர்த்தம் இருக்குண்ணே. அத்தனையிலயும் குளிச்சுட்டு இருபத்திமூணாவதா நம்ம ஆபீசுக்கு ஆள் அனுப்பிருக்காரு.”

அன்று மாலையே பீமாராவ் ஆர்த்திகாவின் வீட்டுக்குப் போய் அவளிடம் தட்டைக் கொடுத்தார். அழகுபாண்டியின் பெயரையும் சொன்னார். அவள் தட்டைத் திருப்பித் தன் பெயரைப் பார்த்தாள்.

“பசியோட ஓடிச்சா சார்?”

“பாதி சாப்பிட்டிருந்தாங்க.”

உள்ளே போய்த் தட்டை அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.

பிப்ரவரி 3 அன்று சிவபாண்டி காவல் நிலையத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்தார். பாண்டிமீனா கூடப் போயிருந்தாள்.

பிப்ரவரி 11 அன்று தென்றல் நகர் நலச்சங்கம் திருத்திய கடிதத்தைக் கொடுத்தது. ‘தடுத்தும் கேளாமல்’ என்ற வரி அதில் இல்லை. அந்த இடத்தில் ‘ஓட்டுநர் ஆட்களைச் சரிபார்க்காமல் கவனக்குறைவாக வாகனத்தை எடுத்ததால்’ என்று இருந்தது. கீழே அதே பதினான்கு கையெழுத்து. ஒன்பதாவது அழகுபாண்டியுடையது.

பிப்ரவரி 24 அன்று சிவபாண்டியின் ஓட்டுநர் உரிமம் ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைக்கப்பட்டது.